கட்டத்துக்கு வெளியே ஒரு நாலு

ஒன்பதால் வகுபடும் எண் எதுவும் பகா எண்ணாக இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு இதைப் புரியவைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நான் கணித ஆசிரியை. வீடு ரஹாங்கில், வேலை ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். பள்ளிக்கு முன்னால் இன்னும் செம்பனைதான். பின்னால் இருந்த மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதிதாக ஒரு தாமான் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் இல்லாமல் இல்லை, பிள்ளைகளும் இல்லாமல் இல்லை. ஆனால் விடிந்தால் போதும், பள்ளி வேன்கள் அந்தப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிச் சிரம்பான் டவுன் பள்ளிகளுக்குப் பறக்கின்றன. போன வருஷம் எங்கள் முதலாம் ஆண்டுக்கு வந்தவர்கள் ஆறு பேர். இன்னும் குறைந்தால் வேறொரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் ஓயாமல் ஒரு பேச்சு. சேர்ப்பது என்றால் மூடுவது என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

அதனால்தான் அந்தச் சுவர். தாமான் சாலையில் போகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி எங்களுக்கு ஒரு நீளமான வெள்ளைச் சுவர் இருக்கிறது. "பாக்கிறவங்க காரை நிறுத்திப் பாக்கணும். இந்த ஸ்கூல்ல ஏதோ நடக்குதுன்னு தெரியணும்" என்றார் தலைமையாசிரியை. வழக்கமாக வரைவது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற ஒரு பையன், ஒரு பெண், மேலே ஒரு வானவில். நாட்டில் பாதிப் பள்ளிச் சுவர்களில் அந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கையைத் தூக்கி, "சுவரை எனக்குக் கொடுங்கள்" என்றேன்.

நான் வரைய நினைத்தது ஒரு பகா எண்ணை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண் பகா எண். ஏழு, பதின்மூன்று என்று சின்னதாக எல்லாருக்கும் தெரியும். பெரிதாகப் போகப் போக அவை அரிதாகிக்கொண்டே போகும், ஆனால் ஒருபோதும் தீர்ந்துபோகாது. நான் ஒரு கட்டம் போட்டேன்: அகலத்துக்கு முப்பது இலக்கம், உயரத்துக்கு நாற்பது வரிசை. வானம் முழுக்க ஒன்று. நடுவில் மட்டையை விரித்துக்கொண்டு நிற்கும் ஒரு செம்பனை, அது முழுக்க எட்டு. மேலிருந்து வரிசை வரிசையாகப் படித்தால் ஆயிரத்து இருநூறு இலக்கமுள்ள ஒரே எண். தள்ளி நின்று பார்த்தால் மரம், கிட்டே வந்து படித்தால் எண்.

அப்படி எழுதிய எண் தானாகப் பகா எண்ணாகிவிடாது. இவ்வளவு பெரிய எண்களில் ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறுக்கு ஒன்றுதான் பகா எண். அதனால் கடைசி வரிசையை மட்டும் விட்டு வைத்தேன். அதுதான் தரை. தரையில் புல்லும் கல்லும் எப்படியும் கிடக்கலாம், எந்த இலக்கமும் வரலாம். தரையை மாற்றி மாற்றிப் போட்டுக் கணினியிடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பார்த்ததுமே தள்ளக்கூடிய எண்களைத் தள்ளிவிடும்படி செய்திருந்தேன்: இரட்டை எண் போ, ஐந்தில் முடிவது போ, இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபட்டால் அதுவும் போ. மிச்சத்தைத்தான் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தபோது திரையில் 'பகா எண்' என்று வந்தது. எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். உலகத்தில் யாரும் அதுவரை எழுதிப் பார்த்திராத எண், எங்கள் தோட்டத்து மரம் மாதிரி நிற்கிறது, எதனாலும் வகுபடவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினாலும் அது வேறு எண்ணாகிவிடும். அந்த வேறு எண் பகா எண்ணாக இருப்பது மிக மிக அபூர்வம். மரம் அப்படியே நிற்கும், எண் மட்டும் செத்துப்போகும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இதையும் கூட்டத்தில் நான் தெளிவாகச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

கூட்டம் என்றால் பள்ளி சிற்றுண்டிச் சாலையில் ஏழெட்டுப் பேர். சங்கத் தலைவர் இரண்டு லோரிகள் வைத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிறவர். தங்கமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் ஏற்ற லோரி, நவராத்திரிக்கு வாழைமரம், எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. இந்தச் சுவருக்குச் சாயமும் அவர்தான் ஏற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி அவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. ஒரு புதுக் காரைப் பார்த்தால் நாங்கள் அதன் நிறத்தைப் பார்க்கமாட்டோம். எண்பலகையைப் பார்த்துக் கூட்டுவோம். வீட்டு எண், கைப்பேசி எண், கல்யாண மண்டபம் பிடிக்கிற தேதி, எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை இலக்கத்தில் நிறுத்தினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். ஒன்பது வந்தால் அமோகம், எட்டு வந்தால் சனி. என் முதல் காருக்கு எட்டு வந்ததென்று, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகும் என் அம்மா வெகுநாள் அதில் ஏறவில்லை.

படத்தைப் பார்த்ததும் தலைவர் முகம் மலர்ந்தது. "அருமையா இருக்கு டீச்சர். அப்படியே நம்ம தோட்டத்து நெரைல நிக்கிற மரமேதான். கூட்டு என்னா வருது?"

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். "எட்டு" என்றேன்.

அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டார். "எட்டா?" என்றார். "பிள்ளைங்க படிக்கிற எடத்துலயா? சொவத்துலயா? சரிப்படாதுலா டீச்சர்."

"மரம் முழுக்க எட்டாலதானே அண்ணே வரைஞ்சிருக்கேன்? அதுக்கு ஒண்ணும் சொல்லலையே நீங்க?"

"அது தனி எட்டு. தனி எட்டு ஒண்ணும் செய்யாது. கூட்டு எட்டுதான் ஆளைச் சாய்க்கும். நீங்க ஒன்பது வர்ற மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க, போதும்."

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். கூட்டு ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும், வகுபட்டால் அது பகா எண் இல்லை என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப ஆறு?" என்றார். ஆறு வந்தால் மூன்றால் வகுபடும் என்றேன். "மூணு?" என்றார். மூன்றும் அப்படித்தான் என்றேன்.

"அப்ப நல்ல நம்பர் ஒண்ணுகூட இதுல வராதா? என்னா நம்பர் டீச்சர் இது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தலைமையாசிரியை தன் கைப்பேசிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு, எட்டு. இவ்வளவுதான் இருக்கு. எது வேணும், சொல்லுங்க" என்றேன், பாசாரில் மீன் விற்கிறவள் மாதிரி. அவர் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அஞ்சு போடுங்க. அஞ்சு புதன். படிப்புக்கு ஆகும்" என்றார். ஏதோ எனக்காக இறங்கி வந்த மாதிரி.

வீட்டுக்குப் போய் மறுபடி தரையைக் கிளற ஆரம்பித்தேன். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியதற்குக் காரணம், அவர் செய்வதும் நான் செய்வதும் ஒரே கூட்டல் என்பதுதான். எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் அது ஒன்பதால் வகுபடுமா என்று தெரியும். பள்ளியில் நான் வாய் கிழியக் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஒன்பதால் வகுபடும் எண்களையே தேடித் தேடி லோரியில் மாட்டியிருக்கிறார். நான் அதே கூட்டலைச் செய்து அதே எண்களைக் குப்பையில் போடுகிறேன். இரண்டு பேரும் ஒரே சல்லடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு வேண்டியது அவருக்குச் சக்கை, அவருக்கு வேண்டியது எனக்குச் சக்கை.

கூட்டு ஐந்து வரும் பகா எண் ஒன்று கிடைத்தது. பள்ளி விடுமுறையில் ரெம்பாவிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். கோயிலுக்கும் கடைப் பலகைக்கும் எழுதுகிறவர், கை சுத்தம். நான் தாளை வைத்துக்கொண்டு வெயிலில் அவர் பின்னாலேயே நின்றேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சரிபார்த்தேன். தரைக்கு வந்தபோது என்னைச் சிரம்பானுக்கு ஒரு பயிற்சிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கடைசி வரிசையை அவர் நான் இல்லாமல் எழுதி முடித்தார்.

சுவர் நன்றாகத்தான் வந்தது. தாமான்காரர்கள் உண்மையிலேயே காரை நிறுத்தினார்கள், பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சிலர் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு நம்பர் லாட்டரிக்காக இருக்கும், நான் கேட்கவில்லை. தலைவர் அந்த வழியாக லோரி ஓட்டும்போதெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்.

பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு வகுப்பைச் சுவருக்கு அழைத்துப் போனேன். "இந்த எண்ணை எதனாலும் வகுக்க முடியாது. மூன்றால் முடியுமா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்" என்று வரிசைகளைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். ஏழு பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி, கூட்டி, ஒன்றாகச் சேர்த்தார்கள். பிறகு ஒரே கத்தல். "ஒன்பது டீச்சர்! மூணால வகுபடுது! ஒன்பதாலயும் வகுபடுது!"

நான் கடிந்துகொண்டேன். கவனம் எங்கே இருக்கிறது, காலையில் சாப்பிட்டுத்தான் வந்தீர்களா என்றெல்லாம் கேட்டேன். மறுபடி கூட்டச் சொன்னேன். மறுபடி ஒன்பது. வரிசைகளை மாற்றிக் கொடுத்தேன். அதே ஒன்பது. பிள்ளைகள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். கடைசியில் நானே கூட்டினேன். அவர்கள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

மணியடித்துப் பிள்ளைகள் போனபின் தாளை எடுத்து வந்து, விரலை வைத்துத் தரை வரிசையை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, நாலு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. பெயிண்டர் தவறி எழுதியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஆனால் ஐந்தோடு நாலு சேர்ந்தால் ஒன்பது. இப்படி அளந்து வைத்த மாதிரி தவறுகிற பெயிண்டர் இந்த உலகத்தில் கிடையாது.

தலைவருக்கு அழைத்தேன். பழம் ஏற்றிய லோரியோடு அப்படியே பள்ளி வாசலில் வந்து நிறுத்தினார். இறங்கினவரை வணக்கம்கூடச் சொல்லாமல் சுவருக்கு அழைத்துப் போய், அந்த எட்டின்மேல் விரலை வைத்தேன்.

அவர் மறைக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஆமா டீச்சர், நான்தான் பெயிண்டர்கிட்ட சொன்னேன். ஒரே ஒரு நம்பர்தானே? மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"மரத்துக்கு ஆகல. நம்பர் செத்துப்போச்சு. இது இப்ப பகா எண்ணே இல்ல. ஒன்பதால வகுபடுது. என் பிள்ளைங்க கண்டுபிடிச்சிட்டாங்க, நான் அதுங்களைத் திட்டிட்டு நிக்கிறேன்!"

"யாருலா டீச்சர் வகுத்துப் பாக்கப் போறாங்க?"

"நாங்கதான் அண்ணே! இது ஸ்கூல்! வகுத்துப் பாக்கத்தான் பிள்ளைங்க வருதுங்க!"

அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயந்தரமானா தாமான்ல வீடு வீடா ஏறி எறங்கிக்கிட்டு இருக்கேன் டீச்சர். உங்களுக்குத் தெரியாது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி, டீ குடிச்சி, உங்க பிள்ளைய நம்ம ஸ்கூலுக்கு அனுப்புங்கன்னு கெஞ்சுறேன். பன்னெண்டு வீட்டுல சரின்னிருக்காங்க. சரின்னவங்க வரணும்ல? நீங்க சொல்றதை நான் நம்பாம இல்ல. உங்க நம்பர் பெரிய நம்பர்தான். ஆனா அது யாரோடயும் ஒட்டாத நம்பரு. எனக்கு ஆளைச் சேர்க்கிற நம்பர் வேணும்."

நான் என்னதான் செய்வது? அந்தப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்றின் படியைக்கூட நான் மிதித்ததில்லை. ஆனால் பொய்யான ஓர் எண்ணின் கீழே நின்று பாடம் நடத்தவும் என்னால் முடியாது. இரண்டும் சேர்ந்ததில் குரல் எழும்பிவிட்டது.

"உங்களுக்கு ஒரு நாலு கூட வேணும், அவ்வளவுதானே? வெளியே எழுதிக்குங்க! மரத்தைச் சுத்திக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே ஒரு நாலைப் போட்டுக்குங்க. மொத்தச் சொவத்தையும் கூட்டினா உங்களுக்கு ஒன்பது வந்துடும். என் எண்ணைத் தொடாதீங்க!"

கோபத்தில் உளறியது அது. கேட்டுவிட்டு அவர் வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "டீச்சர், இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெயிண்டர் திரும்பி வந்து எட்டை அழித்து நாலாக்கினார். மரத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே, வலப்பக்கம் கீழே, சிவப்பில் ஒரு நாலு. இந்த முறை நான் நகராமல் நின்று பார்த்தேன். பிள்ளைகளை மறுபடி கூட்டவைத்தேன். உள்ளே ஐந்து, சரி. வெளியே இருக்கிற நாலு எதற்கு டீச்சர் என்று கேட்டார்கள். அது தலைவருடைய நம்பர், நம் கணக்கில் அது சேராது என்று சொன்னேன். ஆசிரியர் அறையில், "டீச்சரும் சோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று கேலி செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். என் எண் பிழைத்தது, அது போதும் என்று நினைத்தேன்.

புதுக் கல்வியாண்டின் முதல் நாள், சுவருக்கு எதிரே கூடாரம் அடித்து, மேசை போட்டு, பலூன் கட்டி உட்கார்ந்திருந்தோம். தலைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பெற்றோருக்கென்று இரண்டு பிளாஸ்டிக் கூடை நிறைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். முதலில் ஓர் அம்மா மகளோடு வந்தார். பிறகு இரட்டைப் பையன்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓர் அப்பா வந்தார். பிறகு தோட்டத்திலிருந்தே ஒரு பெண்பிள்ளை. அப்புறம் யாரும் வரவில்லை. சரி என்று சொன்ன வீடுகளுக்குத் தலைவர் ஒவ்வொன்றாக அழைத்தார். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் சிரம்பானில் இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். சிரம்பான் வேன்கள் எங்கள் கூடாரத்தைத் தாண்டிப் போயின. ஒரு வேனின் சன்னலில் ஒரு பிள்ளை எங்கள் பலூனைப் பார்த்துக் கையாட்டியது.

பெற்றோர் போனபின் தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மரத்தைப் பார்க்கவில்லை.

"நாலுன்னு எழுதினேன்" என்றார். "நாலு வந்திருக்கு."

அப்படியெல்லாம் இல்லை அண்ணே, சுவரில் எழுதுவதற்கும் பிள்ளைகள் வருவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவேண்டியதும் அதுதான். கணிதம் படித்தவள் வேறு எதைச் சொல்வாள்? அதற்குள் அவர் கேட்டார்: "கூட்டு நாலு வர்ற மாதிரி வேற நம்பர் இருக்கா டீச்சர்?"

"பதிமூணு" என்றேன், யோசிக்காமல். "இருபத்திரண்டு. முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணு" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு வகுப்பு நிறைகிற எண்ணிக்கை. "வெளியே முப்பத்தொண்ணு போட்டிருந்தாலும் மொத்தம் ஒன்பதுதானே வந்திருக்கும்? ஏன் டீச்சர் அப்பவே சொல்லல?"

நான் மிஞ்சிய பொட்டலங்களை எடுத்து அடுக்கினேன். முப்பத்தொன்றும் பகா எண்தான். அதை எழுதியிருந்தாலும் இதே நாலு பிள்ளைகள்தான் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு ரஹாங் போய்ச் சேருகிற வரை, ஏன் அப்போதே முப்பத்தொன்று என்று சொல்லித் தொலைக்கவில்லை என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்துகொண்டிருந்தது.